மூணு காம்பு நல்லாத்தானே இருக்கு

காக்ஸ் டவுன் வாழ் பெருமக்களுக்கும், அவர்தம் வாசல்களில் சுருண்டு கிடக்கும் நாய்ப் பெருமக்களுக்கும் மிகுந்த பொறுப்புணர்ச்சியுடன் தெரிவித்துக்கொள்வது: இன்று காலை எங்கள் வீட்டு அடுப்பில் பால் பொங்கி வழிந்து, அடுப்பு அணைந்தது. உயிர்ச்சேதம் இல்லை. பக்கத்தில் வெந்துகொண்டிருந்த தோசை ஒன்று மட்டும் காயமடைந்தது. பொங்கியது பாக்கெட் பால். மூன்று கறவை மாடு கட்டியிருக்கும் வீட்டில் பாக்கெட் பால் பொங்குவது, பேக்கரி வைத்திருப்பவர் ரொட்டி வாங்கப் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்புவதற்குச் சமம். இந்த அவமானச் செய்தியை ஊருக்கு அறிவித்த கையோடு உனக்கும் நாலு வார்த்தை எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன்.

அன்பு மகனே, நீ இன்னும் பிறக்கவில்லை. அதற்காக உன்னைக் கோபித்துக்கொள்ள முடியாது. எனக்கே இப்போதுதான் பதினேழு வயது. உன் அம்மா யாரென்று எனக்கும் தெரியாது, அந்தப் பாவப்பட்ட பெண்ணுக்கும் தெரியாது. ஆனாலும் அவசரமாக எழுதுகிறேன். ஏனென்றால் நேற்று என் அப்பா என்னைப் பார்த்து, "நீ ஒரு நாள் அப்பனா ஆவடா. அன்னிக்கு உன் புள்ளைய உட்கார வெச்சு புத்தி சொல்லு. எனக்குச் சொல்லாத" என்றார். பெரியவர் பேச்சைத் தட்டக் கூடாது என்பதால் உடனே சொல்லத் தொடங்கிவிட்டேன். நீ வளர்ந்து, மீசை முளைத்து, என்னை மதிக்காமல் போகும் வயதில் இதைப் படித்தால் போதும். இந்தக் கடிதம் முழுக்க அவரை 'உன் தாத்தா' என்றே எழுதப்போகிறேன். இன்னும் தலைக்குச் சாயம் பூசிக்கொள்ளும் மனிதருக்கு அது சரியான இடத்தில் தைக்கும். என் அம்மாவைப் பாட்டி என்று எழுத மாட்டேன். எனக்கு ராத்திரிச் சோறு வேண்டும்.

உன் தாத்தா பால்காரர். சர்ச்சுக்குப் பின்னால் இருக்கும் சந்தில், தகரக் கூரை போட்ட கொட்டகையில் அவருடைய சாம்ராஜ்யம் நிற்கிறது. பிரஜைகள் மூவர்: ஸ்டெல்லா, பியூலா, ஹெலன். மூவருக்கும் ஞானஸ்நானம் ஆகவில்லை, அவ்வளவுதான் குறை. ஸ்டெல்லாவுக்கு டைட்டஸ் என்றொரு கன்றுக்குட்டி. உன் தாத்தா காலையில் மூன்று மாட்டையும் ஒரே கையால் கறப்பார், ஒரே பழைய துண்டால் மடி துடைப்பார். அந்தத் துண்டின் நிறத்துக்கு எந்த மொழியிலும் பெயர் கிடையாது. ஒரு மாட்டின் காம்பில் இருக்கும் கிருமி இன்னொரு மாட்டுக்குப் போக ஆட்டோ பிடிக்க வேண்டியதில்லை, அந்தத் துண்டில் ஏறினால் போதும். இதை நான் சொன்னால், "எங்கப்பா காலத்துலேர்ந்து இதே மாதிரிதான்" என்பார். துண்டையும் சேர்த்துத்தான் சொல்கிறார் என்று எனக்கு நீண்ட நாளாகச் சந்தேகம்.

போன வாரம் ஸ்டெல்லாவின் மடியில் முன்பக்கம் இடது பகுதி வீங்கிச் சூடேறி, கல்லாக இறுகிவிட்டது. அந்தக் காம்பைப் பிதுக்கினால் பாலுக்குப் பதிலாகத் திரிதிரியாகத் தயிர் மிதக்கும் மஞ்சள் தண்ணீர் வந்தது. மாட்டு டாக்டர் வந்தார். கன்னடக்காரர், மாடுகளிடம் கொஞ்சலாகவும் மனிதர்களிடம் எரிச்சலாகவும் பேசுபவர். "கெச்சலு பாவு" என்றார். நாம் மடிநோய் என்று சொல்வதுதான் அது. நாலு குழி வைத்த தட்டொன்றை நீட்டி, நாலு காம்பிலிருந்தும் ஒவ்வொரு குழியில் கொஞ்சம் பீய்ச்சச் சொல்லி, அதில் ஊதா நிற மருந்தை ஊற்றிச் சுழற்றினார். வீங்கிய காம்பின் பால் ஜெல்லி மாதிரித் திரண்டது. அது எதிர்பார்த்ததுதான். பின்பக்கத்துக் காம்பு ஒன்றின் பாலும் கொழகொழவென்று இழுத்தது. அது பார்க்க வெள்ளைவெளேரென்று இருந்த பால். அந்தப் பக்கம் வீக்கமும் இல்லை, சூடும் இல்லை. கண்ணுக்குத் தெரியாமலே உள்ளே குடியேறிவிட்டதாம். காம்புக்குள் ஏற்றுகிற மருந்தைக் கொடுத்துவிட்டு டாக்டர் நாலு விரலைக் காட்டி, "நால்க்கூ செல்லபேக்கு, கொத்தாயித்தா?" என்றார். நாலு காம்புப் பாலையும் கொட்டணும், புரிஞ்சுதா? மருந்து போடும் நாளெல்லாம் மட்டுமல்ல, நிறுத்திய பிறகும் அவர் சொல்கிற வரைக்கும் கொட்டணுமாம்.

உன் தாத்தா பலமாகத் தலையாட்டினார். டாக்டரின் ஸ்கூட்டர் சந்து முனை திரும்பியதும் ஆட்டிய தலை நின்றுவிட்டது. "மூணு காம்பு நல்லாத்தானடா இருக்கு? கெட்டது ஒண்ணு. அதுக்கு எதுக்கு நாலையும் கொட்டணும்?" அவருடைய விஞ்ஞானம் இதுதான், மகனே: மடி என்பது நாலு ரூம், நாலு வாசல், நடுவில் சுவர். ஒரு ரூமில் எலி செத்தால் நாலு ரூமையுமா பூட்டுவார்கள்? நடுவில் சுவர் இருப்பது உண்மைதான். அங்கேதான் உன் தாத்தாவுக்குப் பிடி கிடைத்துவிட்டது. ஆனால் போட்ட மருந்து ரத்தத்தில் ஏறி எல்லா ரூமுக்கும் போகும். அது பாலில் இறங்கி யாரோ ஒருவர் காபியில் கலந்து, தினம் ஒரு சொட்டாக அவர் வயிற்றில் இருக்கும் கிருமிகளுக்கு டியூஷன் எடுக்கும். பிறகு அந்த ஆளுக்கே உண்மையில் காய்ச்சல் வந்து அதே மருந்தைப் போடும்போது, 'ஓ, நம்ம சாரா, வாங்க வாங்க' என்று கிருமிகள் நாற்காலி போட்டு உட்கார வைக்கும். இதை டாக்டர் கன்னடத்தில் சொன்னார், நான் தமிழில் சொன்னேன். உன் தாத்தாவுக்கு இரண்டும் நன்றாகத் தெரியும். கேட்க மட்டும்தான் தெரியாது.

எங்கள் வீட்டுக்கு இதில் முன் அனுபவம் உண்டு என்பதுதான் கேவலத்திலும் கேவலம். போன கிறிஸ்துமஸுக்கு முந்தின வாரம் ஹெலனுக்கு இதே நோய் லேசாக இருந்தது. அப்போதும் அதே துண்டு, அதே 'ஒண்ணும் ஆகாது'. மிஞ்சிய பால் அலுமினியக் கேனில் அடுப்புப் பக்கத்திலேயே, அந்தக் கதகதப்பில், காலையிலிருந்து சாயங்காலம் வரை நின்றது. பிறகு அம்மா அதை மணிக்கணக்காகக் கிண்டிப் பால்கோவா செய்தாள். கேரல் பாட வந்த சர்ச்சுக் குழு எங்கள் வீட்டில் இரண்டு பாட்டுப் பாடி, ஆளுக்கு இரண்டு கரண்டி பால்கோவா சாப்பிட்டு, அடுத்த வீட்டுக்குப் போய் மூன்றாவது பாட்டின் நடுவில் ஒவ்வொருவராக வாசல் பக்கம் ஓடியது. முதலில் ஓடியவர் கிடார் அண்ணன். பிறகு சோப்ரானோ அக்காக்கள் நாலு குரலில் வாந்தி எடுத்தார்கள். கிறிஸ்துமஸ் தாத்தா வேஷம் போட்டவர் தாடியைக் கழற்ற நேரமில்லாமல் பட்ட பாட்டை விவரிக்க எனக்கு மனசு வரவில்லை, சிரிப்புத்தான் வருகிறது. "காய்ச்சித்தானே செஞ்சோம், காய்ச்சுனா எல்லாம் செத்துருமே" என்று உன் தாத்தா ஒரு வாரம் புலம்பினார். கிருமி செத்தது. அது அதுவரை கேனுக்குள் கக்கி வைத்த விஷம் சாகவில்லை. கொதிக்கிற சூட்டுக்கு அந்த விஷம் அசைவதில்லை. வீட்டைக் காலி செய்த குடித்தனக்காரன் விட்டுப்போன நாற்றம் மாதிரி அது அங்கேயே இருக்கும்.

அன்றைக்கு அம்மா ஒரு சட்டம் போட்டாள். கொட்டகையில் ஒரு மாட்டுக்கு நோய் என்றாலும் மூன்று மாட்டுப் பாலும் அவள் அடுப்பில் ஏறக் கூடாது. அதனால்தான் இன்று காலை பாக்கெட் பால். எங்கள் பால் தெருவுக்கு, தெருக்கடைப் பால் எங்களுக்கு. இந்த ஏற்பாட்டை எங்கள் வீட்டில் யாரும் அசிங்கமாக நினைப்பதில்லை. ஜாக்கிரதை என்று பெயர் வைத்திருக்கிறோம். நீ யாருக்காவது எதையாவது விற்றால் அதை முதலில் உன் தட்டில் போட்டுச் சாப்பிட்டுப் பார். இது தகப்பன் சொல்லும் முதல் புத்தி. அடிக்கோடு போட்டுக்கொள்.

இப்போது பிரசன்னா சார் உள்ளே வருகிறார். எழுந்து நில். பழைய பங்களா ஒன்றை இடித்துக் கட்டிய அபார்ட்மெண்டில் மூன்றாவது மாடியில் ஃப்ளாட் வாங்கியிருப்பவர். கம்ப்யூட்டர் கம்பெனியில் பெரிய ஆள். அவர் வீட்டுக் கிருகப்பிரவேசத்துக்குப் பசுவும் கன்றும் வேண்டுமென்று ஒரு மாதம் முன்பே உன் தாத்தாவிடம் சொல்லி வைத்திருந்தார். இதுவும் எங்கள் தொழில்தான். வீட்டில் ஸ்டெல்லாவாக இருப்பவள் அந்த மாதிரி நாட்களில் லட்சுமியாகிவிடுவாள், டைட்டஸ் நந்தியாகிவிடுவான், உன் தாத்தா சட்டைக்குள் சிலுவையைத் தள்ளிக்கொள்வார். கன்றோடு வரக்கூடிய மாடு ஸ்டெல்லா ஒருத்திதான் என்பதால், மருந்து நடந்துகொண்டிருந்தும் நேற்று அவளையே ஓட்டிக்கொண்டு போனோம். "சும்மா உள்ள போயி வெளிய வரப்போறா. யாரு பாலு கேட்டாங்க?" என்றார் உன் தாத்தா. பிரசன்னா சார் கேட்டிருந்தது திமில் வைத்த நாட்டு மாடு. ஸ்டெல்லா கலப்பினம், முதுகு கேரம் போர்டு மாதிரி இருக்கும். உன் தாத்தா சாமந்தி மாலையை அவள் தோளில் பல சுற்றுச் சுற்றி ஒரு திமிலைக் கட்டி எழுப்பிவிட்டார். இதற்காகவாவது அவரை நான் மதித்துத்தான் ஆக வேண்டும்.

வாசலில் செக்யூரிட்டி எங்களை நிறுத்தி, விசிட்டர் என்றால் போட்டோ எடுக்க வேண்டும் என்றார். எங்கள் இருவரையும் எடுத்துவிட்டு ஸ்டெல்லாவையும் எடுத்தார். மூவரில் அவள்தான் நன்றாக விழுந்திருந்தாள். சாமான் ஏற்றும் லிஃப்டில் கோணி விரித்து ஏறினோம். மூன்றாவது மாடியில் கதவு திறந்ததும் அவள் புத்தம் புது மார்பிளில் சாணி போட்டாள். மகனே, அந்த ஜனங்கள் கைதட்டினார்கள். அதே அபார்ட்மெண்டில் நாய் மூச்சா போனால் வாட்ஸப்பில் நீதி விசாரணை நடத்துகிறவர்கள் அவர்கள். பிரசன்னா சார் வெல்க்ரோ வைத்த பட்டு வேட்டியில் நின்றார். "நாங்க மடி, ஆசாரம் எல்லாம் ரொம்ப பார்ப்போம் ப்ரோ" என்று என்னிடமே சொன்னார். அவர் சொன்ன மடி வேறு, ஸ்டெல்லாவின் மடி வேறு. இரண்டாவதை அங்கே யாரும் எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

பூஜை முடிகிற நேரத்தில் பிரசன்னா சார் ஒரு வெள்ளி டம்ளரோடு வந்தார். "அண்ணா, இந்தப் பசுவோட பாலைத்தான் காய்ச்சணும். அதுக்கு முன்னாடி நித்யா ஒரு டம்ளர் பச்சையாவே குடிக்கணும். கறந்த சூடு ஆறக் கூடாது. வீடியோல பார்த்தேன், பேபிக்கு அவ்ளோ நல்லதாம்." நித்யா அக்கா அவர் மனைவி. வயிற்றில் ஆறு மாதக் குழந்தை. முக்காலியில் உட்கார்ந்து, பட்டுப்புடவையில் வேர்த்துக்கொண்டிருந்தார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. பச்சைப்பாலையே கர்ப்பிணிகள் தொடக் கூடாது, நமக்கு ரெண்டு நாள் காய்ச்சலாக வந்து போகிற கிருமி வயிற்றுப் பிள்ளையைக் கொன்றேவிடும் என்று டாக்டர் போன வாரம்தான் கொட்டகையில் நின்று சொல்லியிருந்தார். இது நோய் கண்ட மாட்டின் பச்சைப்பால்.

"சார், கன்னு எல்லாத்தையும் குடிச்சிடுச்சு சார். மடி காலி" என்றார் உன் தாத்தா.

"ஒரு டம்ளர்கூடவா இருக்காது? பாருங்க, எவ்ளோ பெருசா இருக்கு!"

வீக்கத்தைப் பார்த்துச் செழிப்பு என்று நினைத்த அந்த மகானுக்கு நாட்டில் ஒரு சிலை வைக்க வேண்டும். புரோகிதர் கடிகாரத்தைப் பார்த்து, "நாழியாறது, நாழியாறது" என்றார். சுற்றிலும் செல்போன்கள் எங்களைப் பார்த்து நிமிர்ந்தன. உன் தாத்தா என் காதருகே குனிந்தார். "முன்னாடி தொடாத. பின்னாடி ரெண்டுல மட்டும் கற." அந்தப் பின்னாடி இரண்டில் ஒன்றுதான் தட்டில் கொழகொழவென்று இழுத்தது.

இந்த இடத்தில்தான் உன் அப்பன் யார் என்று நீ தெரிந்துகொள்ள வேண்டும். அத்தனை படித்த முட்டாள்களுக்கும் ஒரு படிக்காத பிடிவாதத்துக்கும் நடுவில் மூளை என்று ஒன்றை வைத்திருந்தவன் நான் ஒருத்தன்தான். மறுத்துப் பேசினால் ஊர் கூடும், உன் தாத்தாவின் பெயர் கெடும், வியாபாரம் படுக்கும். ஆகவே ஒரு சதி செய்தேன். நல்ல பிள்ளையாக உட்கார்ந்து கறந்தேன், சந்தேகம் வரக் கூடாதல்லவா? டம்ளர் நுரைத்து நிறைந்தது. எழுந்து நித்யா அக்காவிடம் நீட்டினேன். சரியான நொடியில், யாரும் பார்க்காதபடி, ஸ்டெல்லாவின் முட்டிக்குக் கீழே என் செருப்பில்லாத காலால் ஒரு தட்டுத் தட்டினேன். அவள் உதைத்தாள். வெள்ளி டம்ளர் பறந்து, மார்பிளில் ஆடி, பால் முழுதும் பிரசன்னா சாரின் வேட்டிமேல் இறங்க, பதறிப் பின்வாங்கிய வேகத்தில் வெல்க்ரோ 'டர்ர்ர்' என்றது. ஒரு குழந்தையைக் காப்பாற்றினேன், ஒரு வேட்டியை அவிழ்த்தேன். ஒரே உதையில் இரண்டு சமூக சேவை.

உன் தாத்தா எல்லாரிடமும் மன்னிப்புக் கேட்டார். புரோகிதர் அது நல்ல சகுனம் என்று அறிவித்தார், மகாலட்சுமி மனையில் பாதம் பதித்துவிட்டாளாம். கீழே கடையிலிருந்து பாக்கெட் பால் வந்தது, பொங்கியது, எல்லாரும் பொங்கலோ பொங்கல் என்கிற அளவுக்குக் கத்தினார்கள், காபி நன்றாக இருந்ததாகப் பாராட்டினார்கள். உதையில் என் மணிக்கட்டு பூரி மாதிரி வீங்கிவிட்டது. அதைத்தான் இப்போது தலையணையில் தூக்கி வைத்துக்கொண்டு, இடது கையால் இந்தக் கிறுக்கலை எழுதிக்கொண்டிருக்கிறேன். வீர வடு.

கதை அங்கேயே முடிந்திருக்கலாம். ஆனால் மாட்டை ஓட்டிக்கொண்டு வீட்டுக்கு வரும் வழியில் உன் தாத்தா உற்சாகமாகச் சொன்னார்: "அந்த சாரு தினம் அரை லிட்டர் வேணும்னுட்டாரு. லட்சுமி பாலேதான் வேணுமாம், வேற மாட்டுது கலக்கக் கூடாதாம். நாளன்னியிலேர்ந்து நீயே கொண்டுபோயி குடு." நேற்று அவர் சொன்ன நாளன்னிக்கு என்பது நாளைக் காலை. ஸ்டெல்லாவுக்கு மருந்து இன்னும் முடியவில்லை.

நடுரோட்டில் நின்று கத்தினேன். "அந்தக்கா வயித்துல புள்ள இருக்குதுப்பா! டாக்டர் இன்னா சொன்னாரு உனக்கு?"

"இன்னாடா சொல்லிட்டாரு? அவுங்க காய்ச்சிக் குடிப்பாங்க."

"அந்த ஆளு வீடியோ பார்த்துட்டுப் பச்சையா ஊத்திக் குடுப்பான்! காய்ச்சுனாலும் மருந்து எங்க போவும்? பால்கோவா மறந்துட்டியா?"

"மெதுவாப் பேசுடா. நோவுன்னு ஒரு வீட்டுக்குத் தெரிஞ்சா போதும், எல்லா வீடும் நிறுத்திடும். அப்புறம் நீ எதுல படிப்ப, நானு எதுல மாட்டுக்குத் தீனி போடுவேன்?"

"அதுக்காக அவுங்க குழந்தைக்கு விஷம் குடுப்பியா?"

அப்போதுதான் அந்த 'நீ அப்பனா ஆவடா' வந்தது. அவர் முகம் கறுத்துவிட்டது. ஸ்டெல்லா எங்கள் இருவரையும் பார்க்காமல் சர்ச்சு மதிலோரம் புல் இருக்கிறதா என்று தேடினாள்.

இவ்வளவு தூரம் படித்த நீ, என் அப்பன் சிங்கம் என்று நெஞ்சை நிமிர்த்தியிருப்பாய். கொஞ்சம் சாய்ந்து உட்கார். நான் எந்த முட்டியையும் தட்டவில்லை. டைட்டஸ் பசியில் ஓடி வந்து, வீங்கிய பக்கத்திலேயே தலையால் ஒரு முட்டு முட்டினான். ஸ்டெல்லா வலி தாங்காமல் காலை வீசினாள். அது என் மணிக்கட்டில் பட்டது, அவ்வளவுதான். சதி கிதி ஒன்றும் இல்லை. அந்த நொடியில் நித்யா அக்காவின் விரல் டம்ளரைத் தொட்டுவிட்டிருந்தது. என் தலைக்குள் ஓடியதெல்லாம், இத்தனை பேர் பார்க்கிறார்கள், சீக்கிரம் குடித்துத் தொலைத்தால் வீட்டுக்குப் போய்விடலாம் என்பதுதான். 'தொலைத்தால்' என்றுதான் நினைத்தேன். எழுதும்போது கூசுகிறது.

இன்னும் இருக்கிறது. எல்லாரும் வேட்டியைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தபோது நித்யா அக்கா மட்டும் எழுந்து போய், புது ஃப்ரிட்ஜிலிருந்து ஐஸ் எடுத்துத் துண்டில் சுற்றி என் கையில் வைத்துப் பிடித்தார். சுத்தமான வெள்ளைத் துண்டு. "ரொம்ப வலிக்குதா தம்பி?" என்றார். பிறகு ஸ்டெல்லாவைத் திரும்பிப் பார்த்துவிட்டு, "அதுக்கு உடம்பு சரியில்லையா? கன்னுக்குட்டி கிட்ட வந்தாலே நடுங்குதே" என்று கேட்டார். அந்தக் கூட்டத்தில் மாட்டை மாடாகப் பார்த்தவர் அவர் ஒருவர்தான். உன் தாத்தா அந்தப் பக்கம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருந்தார். நான் சொல்வதை ஒட்டுக்கேட்க யாரும் இல்லை. வாயைத் திறந்தால் போதும்.

"இல்லக்கா, ஈ கடிச்சிருச்சு" என்றேன்.

"பாவம்" என்று சொல்லி அவள் கழுத்தைத் தடவிக் கொடுத்தார். நம்பிவிட்டார்.

ஆகவே உன் தாத்தாவிடம் நடுரோட்டில் கத்தியதெல்லாம், அந்தக்காவிடம் கத்தியிருக்க வேண்டியது. நாளைக் காலை பால் எடுத்துப் போகாமல் வெறுங்கையோடு மூன்றாவது மாடி ஏறி, ஈ கடிக்கவில்லை என்று சொல்ல வேண்டும். சொல்லிவிட்டேன் என்றே இங்கே எழுதி முடித்துவிடலாமா என்றுகூடப் பார்த்தேன், மகனே. நீயா வந்து விசாரிக்கப்போகிறாய்?